யார் மூட்டிய புகை? விண்ணிலிருந்து தேடிய விடைகள்

2019 நவம்பர் முதல் வாரத்தில் சென்னையின் மேல் சாம்பல் நிறப் படலம் ஒன்று நாள்கணக்கில் விலகாமல் நின்றது. அதே நாட்களில் டெல்லியில் பொதுச் சுகாதார நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டிருந்தது. பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் அறுத்த வயல்களில் தாளுக்குத் தீ வைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு கருத்து வேகமாகப் பரவியது: வடக்கே எழுந்த புகைதான் கிழக்குக் கரையோரமாக இறங்கிச் சென்னைக்கு வந்துவிட்டது. காற்றோட்ட வரைபடங்களும் செயற்கைக்கோள் படங்களும் சான்றாகக் காட்டப்பட்டன. மறுத்தவர்களும் சான்றில்லாமல் மறுக்கவில்லை. கடல்காற்று ஓய்ந்துவிட்டதால் நகரத்தின் சொந்தப் புகையே வெளியேற வழியின்றித் தேங்கியது என்றார்கள்.

கரையோரமாக இறங்கும் புகை சென்னையோடு நிற்கப்போவதில்லை. தெற்கே 120 கிலோமீட்டரில் திண்டிவனம், அதையடுத்து விழுப்புரம். பெருநகரத்தில் ஆங்காங்கே காற்றை அளக்கும் கருவிகளாவது இருக்கின்றன. சிற்றூர்களின் காற்றைப் பற்றிப் பேச வேண்டுமானால் பெரும்பாலும் மேலிருந்து எடுத்த படங்களையே நம்ப வேண்டியிருக்கிறது. அப்படியானால், ஒரு சிற்றூரின் மேல் நிற்கும் புகை எங்கிருந்து வந்தது என்பதை அந்தப் படங்களால் சொல்ல முடியுமா? இதற்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு துறையினர் தந்த விடைகளையும், ஒவ்வொரு விடையும் எங்கே தடுமாறுகிறது என்பதையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

பச்சைச் சூரியனும் நீலச் சூரியனும்

புகையின் ஊரைத் தேடும் வழக்கம் செயற்கைக்கோளுக்கு மிகவும் முந்தியது. 1780 மே 19 அன்று வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதி நண்பகலில் இருண்டுபோய், வீடுகளில் மெழுகுவத்தி ஏற்றும்படி ஆனது. எங்கோ காடு எரிகிறது என்று சிலர் அப்போதே ஊகித்தார்கள். மரங்களின் ஆண்டு வளையங்களில் பதிந்த தீத்தழும்புகளை எண்ணிப் பார்த்து அந்த ஊகத்துக்கு வலு சேர்க்க இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

நமக்கு நெருங்கிய நிகழ்வு 1883 செப்டம்பரில் நடந்தது. கிரகடோவா எரிமலை ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் வெடித்தது. செப்டம்பர் 9 வாக்கில் இலங்கையிலும் சென்னை மாகாணத்திலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் உதிப்பதைக் கண்டு மக்கள் திகைத்தார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவரும் பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தை நடத்தியவருமான மைக்கி ஸ்மித் அந்த ஒளியை நிறமாலைக் கருவியில் ஆராய்ந்தார். நீராவிக்குரிய கோடுகள் அதில் மிகுந்திருந்தன. அதனால் காரணம் எரிமலையா, ஈரமா என்று வாதம் எழுந்தது. செப்டம்பர் 22 வாக்கில் அதே பச்சை மீண்டும் தோன்றியது. உலகின் பல துறைமுகங்களிலிருந்து வந்த தேதிகளைக் கோத்துப் பார்த்தபோதுதான், தூசுப்படலம் ஏறக்குறைய 13 நாளுக்கு ஒருமுறை மேற்குமுகமாகப் புவியைச் சுற்றுகிறது என்பது தெளிந்தது.

1950 செப்டம்பர் இறுதியில் பிரிட்டனில் சூரியனும் நிலவும் நீலமாகத் தெரிந்தன. கனடாவின் ஆல்பர்ட்டா பகுதியில் எரிந்த காட்டின் புகை அட்லாண்டிக்கைத் தாண்டி வந்திருந்தது. அதையும் தேதிகளையும் வானிலைக் குறிப்புகளையும் கோத்தே கண்டுபிடித்தார்கள்.

நிறத்தையும் நாளையும் பொருத்திப் பார்க்கும் இந்த முறை வெற்றி பெற்ற இடங்களில் பொதுவான தன்மைகள் இரண்டு உண்டு. புகையோ தூசியோ மிக உயரத்தில் சென்றது. மூலம் ஒன்றே ஒன்றாக இருந்தது. கிரகடோவாவுக்குப் போட்டியாக அன்று இன்னொரு கிரகடோவா வெடிக்கவில்லை. விழுப்புரத்து மார்கழிக் காலைக்கு அந்த வசதி கிடையாது.

தீப்புள்ளிகளை எண்ணுவோர்

செயற்கைக்கோள் காலத்தில் பெருவாரியாகப் பயன்படும் அணுகுமுறை, புகையை விட்டுவிட்டுத் தீயைத் தேடுவது. எரியும் இடம் அகச்சிவப்பு அலைநீளத்தில் சுற்றுப்புறத்தைவிடப் பளிச்சென்று தெரியும். 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா, 2002இல் ஏவப்பட்ட அக்வா ஆகிய கோள்களின் மோடிஸ் கருவி, ஒரு கிலோமீட்டர் படப்புள்ளியில் தீயைக் குறித்தது. 2011இல் சென்ற சுவோமி கோளின் விர்ஸ் கருவி அதை 375 மீட்டராக நுணுக்கியது. இந்திய வன அளவீட்டு நிறுவனம் 2004 முதல் மாநில வனத்துறைகளுக்குத் தீ எச்சரிக்கை அனுப்பிவருகிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் சென்றவர்கள் தீயில் சிக்கி, 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டில் காட்டுத்தீ கண்காணிப்பு பொதுப்பேச்சுக்கு வந்தது அதன் பிறகுதான்.

காட்டைக் காக்க இம்முறை பெரிதும் உதவியிருக்கிறது. கல்வராயன், ஜவ்வாது மலைகளின் இலையுதிர் காடுகளும் செஞ்சிக் குன்றுகளின் புதர்க்காடும் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையே எரியும்போது, எச்சரிக்கை கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. புகைக்குக் கணக்குச் சொல்ல இதே புள்ளிகளை எடுத்தாளும்போதுதான் இடர். 375 மீட்டர் படப்புள்ளி என்பது சுமார் 35 ஏக்கர். அதற்குள் ஒரு பகுதி எரிந்தாலே கருவி உணரக்கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் ஓர் ஏக்கர் கரும்புச் சோகை அரைமணி நேரத்தில் எரிந்து அடங்கிவிடும். கோள் கடப்பதோ பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டி ஒருமுறை, நள்ளிரவு கடந்து ஒருமுறை. வெயில் தாழ்ந்து காற்று அடங்கிய பிறகு வைத்த தீ இரண்டுக்கும் தப்பிவிடும். பஞ்சாபிலேயே இந்தக் கேள்வி எழுந்தது. தீப்புள்ளிகள் குறைந்தனவே, எரிப்பு குறைந்ததா, அல்லது கோள் கடந்த பிறகு எரிக்கிறார்களா என்று 2024இல் நாசா ஆய்வாளர் ஒருவர் ஐயம் எழுப்பினார். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தரும் தென்கொரியப் புவிநிலைக் கோளின் காட்சிகள் அந்த ஐயத்துக்கு இடம் தந்தன.

தவறான எண்ணிக்கை மறுபக்கமும் நேரலாம். செங்கல் சூளை, அனல்மின் நிலையம், வெயிலில் கொதிக்கும் பாறை என வேறு சூடுகளும் தீயாகப் பதிவாவதுண்டு. நெய்வேலி அனல்மின் நிலையங்களை அருகில் வைத்துக்கொண்டு இதை மறக்க முடியாது.

மேலிருந்து தெரியும் போர்வை

இரண்டாவது அணியினர் தீயை விட்டுப் புகையையே பார்க்கிறார்கள். இதன் தொடக்கமே தற்செயல். 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 கோளின் டாம்ஸ் கருவி ஓசோனை அளக்கப் போனது. அதன் புறஊதாப் பதிவுகளில் கணக்குக்கு ஒத்துவராத மிச்சம் ஒன்று இருந்துகொண்டே வந்தது. ஒளியை உறிஞ்சும் புகையும் பாலைவனத் தூசியும்தான் அந்த மிச்சம் என்று 1990களில் புரிந்தது. பிழையென்று ஒதுக்கியதே பிறகு புகையின் வரைபடமாயிற்று.

இந்தியாவுக்கு இந்தக் கேள்வி அரசியலாகவும் மாறியது இந்தோயெக்ஸ் ஆய்வினால். 1999இன் முதல் மூன்று மாதங்களில் கப்பல், விமானம், செயற்கைக்கோள் எல்லாம் கொண்டு இந்தியப் பெருங்கடலின் மேல் நடந்த பன்னாட்டு ஆய்வு அது. வழிநடத்திய இருவர் பால் கிரட்சனும் வீ. ராமநாதனும். ராமநாதன் விழுப்புரத்துக்கு அடுத்த மாவட்டத்தில், சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். குளிர்காலத்தில் வாடைக்காற்று துணைக்கண்டத்தின் புகையைக் கடல்மேல் தள்ளுகிறது என்பதும், அது ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தடிப்பில் பரந்து நிற்கிறது என்பதும் அதில் தெரிந்தன. 2002 ஆகஸ்டில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் இதை ‘ஆசியப் பழுப்பு மேகம்’ என்ற பெயரில் அறிக்கையாக்கியபோது எதிர்ப்பு கிளம்பியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஜே. சீனிவாசனும் சுலோசனா காட்கிலும் அதே ஆண்டில் எழுதிய மறுப்பில் உண்மையையும் கற்பனையையும் பிரித்துக்காட்ட முயன்றார்கள். சில மாதங்களே நிற்கும் மூட்டத்தை நிலையான மேகம்போலப் பேசுவதும், விளைவுகளைச் சான்றுக்கு மேல் நீட்டுவதும் சரியல்ல என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். பின்னர் பெயரிலிருந்து ‘ஆசிய’ விலகி, ‘வளிமண்டல’ என்பது வந்து உட்கார்ந்தது. அறிவியல் வாதம் அத்தோடு தீரவில்லை. பெயர் மட்டும் மாறியது.

இந்த அணியின் அடிப்படைப் பலவீனம் கோணத்தில் இருக்கிறது. கோள் அளப்பது தரையிலிருந்து வானுச்சி வரை உள்ள முழுத் தூணையும். அந்தத் தூணில் எவ்வளவு ஒளி தடைபட்டது என்று அது சொல்லும். தடுத்த துகள் மூக்குக்கு நேரே இருந்ததா, மூன்று கிலோமீட்டர் மேலே மிதந்ததா என்று சொல்லாது. 2006இல் ஏவப்பட்ட காலிப்சோ கோள் லேசர் ஒளிக்கற்றையால் உயரத்தையும் அளந்தது. ஆனால் அது அளந்தது மெல்லிய கோடு ஒன்றை. திரும்ப அதே கோட்டுக்கு வர 16 நாள். 2023இல் அதன் பணி முடிந்தது. 2024 மே மாதம் சென்ற எர்த்கேர் கோள் இப்போது அந்த வேலையைத் தொடர்கிறது, அதே குறுகிய பார்வையோடு.

டாம்ஸ் வழிவந்த புறஊதா முறைக்கு இன்னொரு குறை. உயரத்தில் செல்லும் புகையை அது நன்றாகக் காணும். தரையை ஒட்டிப் படரும் புகை அதன் கண்ணில் மங்கிவிடும். 2019–20இல் ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின் புகை அடுக்குமண்டலத்துக்குள் ஏறி உலகைச் சுற்றியதை நாள் தவறாமல் பின்தொடர முடிந்தது அதனால்தான். வயல்வரப்பில் மூட்டிய தீயின் புகை பனை உயரம் ஏறிப் படுத்துவிடுகிறது. அதைப் பின்தொடர அதே முறையை நம்ப முடியாது.

காற்றைப் பின்னோக்கி நடத்துதல்

மூன்றாவது விடை வானிலையாளர்களுடையது. புகை நின்ற இடத்திலிருந்து காற்றின் பாதையைக் கணினியில் பின்னோக்கி நடத்தி, அது எந்தத் தீயின் மேல் கடந்து வந்தது என்று பார்ப்பது. அமெரிக்க வளிமண்டல ஆய்வு அமைப்பின் ஹைஸ்பிளிட் மென்பொருள் இதற்கு உலகெங்கும் பழக்கமானது.

இந்த வகைச் சான்றுக்குச் சட்ட மதிப்பே கொடுத்த நாடு சிங்கப்பூர். ‘புகைமூட்டம்’ என்ற சொல்லை அங்குள்ள தமிழர்கள் இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகைக்கே பெயராக்கிவிட்டார்கள். 2014இல் இயற்றிய எல்லை கடந்த புகைமூட்டச் சட்டத்தின்படி, சிங்கப்பூரில் புகை நிற்கும்போது வெளிநாட்டு நிலம் ஒன்றில் தீ எரிந்து, செயற்கைக்கோள் தகவலும் காற்றின் திசையும் அங்கிருந்து இங்கே என்று காட்டினால், அந்த நிலத்துக்கு உரியவரே காரணம் என்று முதற்கட்டமாக ஊகிக்க இடமுண்டு. மறுத்து நிறுவும் பொறுப்பு அவர்களுடையது. அங்கே இது ஓரளவு பொருந்துவதற்குக் காரணம் புவியியல்: சுமத்திரா அருகில் இருக்கிறது, கரிநிலத் தீ வாரக்கணக்கில் எரிகிறது, இடையில் இருப்பது கடல்.

லூதியானாவுக்கும் திண்டிவனத்துக்கும் இடையே நேர்க்கோட்டிலேயே 2,000 கிலோமீட்டருக்கு மேல். கங்கைச் சமவெளியில் இறங்கி வங்கக் கடல் வழியாகச் சுற்றி வந்தால் இன்னும் பல நூறு கூடும். நொடிக்கு 5 மீட்டர் வேகக் காற்று ஒரு நாளில் 432 கிலோமீட்டர் செல்லும். ஆக, பயணம் ஐந்து நாளுக்குக் குறையாது. பாதைக் கணக்கில் கடந்த தொலைவின் ஐந்தில் ஒரு பங்கு பிழை வருவது இத்துறையில் வழக்கமானதே. அப்படிப் பார்த்தால் பிழை 400 கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் நெல்லூரும் அடங்கும், நாகப்பட்டினமும் அடங்கும். நுண்துகள் காற்றில் ஒரு வாரம் அளவுக்குத்தான் தங்கும் என்பதையும், ஐப்பசி கார்த்திகை மழை வழியிலேயே அதைக் கழுவிவிடக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2019 நவம்பரைப் பொறுத்தவரை, புல்புல் புயல் வங்கக் கடலில் இருந்தது. புயலின் மேற்குப் பக்கம் காற்று தெற்கு நோக்கி வீசும். ஆகவே வடக்கிலிருந்து புகை வந்திருக்க வழி இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அதே புயல்தான் கரையோரக் காற்றோட்டத்தையும் குலைத்திருக்கும். வடக்கத்திப் புகை வரவும் உள்ளூர்ப் புகை தேங்கவும் ஒரே காரணம் என்றால், பாதை வரைபடத்தை மட்டும் வைத்து எது எத்தனை பங்கு என்று பிரிக்க இயலாது. இரு தரப்பும் பாதி சரியாக இருந்திருக்கலாம் என்பதே நியாயமான ஊகம். இரு தரப்பும் முழுச் சரி என்று பேசியதுதான் மிகை.

கரியின் வயது

நான்காவது அணி வானத்தை விட்டு வடிதாளுக்கு வருகிறது. காற்றை வடிகட்டிச் சேர்த்த கரியில் கதிரியக்கக் கார்பன் உண்டா என்று பார்ப்பது. அதன் அரையாயுள் 5,730 ஆண்டு. நிலக்கரியும் பெட்ரோலியமும் பல கோடி ஆண்டுப் பழமை. அவற்றின் புகையில் அந்தக் கார்பன் மிச்சமிருக்காது. விறகு, வைக்கோல், சோகை எரிந்த புகையில் இருக்கும். ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் ஆர்யன் குஸ்டாஃப்சன் குழு, மாலத்தீவின் ஹனிமாதூவிலும் புனே அருகே சிங்ககட்டிலும் திரட்டிய துகள்களை இப்படி ஆராய்ந்து 2009 ஜனவரியில் வெளியிட்டது. கரியை எந்த முறையில் பிரித்தார்கள் என்பதைப் பொறுத்து, அதில் தாவர எரிப்பின் பங்கு சுமார் 46 அல்லது 68 விழுக்காடு என்று கிடைத்தது. பழுப்பு மேகம் பெரும்பாலும் வண்டி, ஆலைப் புகையே என்ற எண்ணத்தை அது அசைத்தது. வீட்டு விறகடுப்பே இந்தியாவின் கரும்புகைக்குப் பெரிய மூலம் என்று மும்பை ஐ.ஐ.டி.யின் சந்திரா வெங்கட்ராமன் குழு 2005இல் சொன்னதோடு இது ஒத்துப்போகிறது.

நால்வகை விடைகளில் மிக உறுதியானது இதுதான் என்று கொள்ளலாம். ஆனால் கார்பனுக்குத் தாவரம் தெரியும், ஊர் தெரியாது. காடு எரிந்த கரியும் அடுப்பெரிந்த கரியும் கரும்புச் சோகையின் கரியும் அதற்கு ஒன்றே. தவிர, இரண்டே இடங்களின் துகளை வைத்துத் துணைக்கண்டம் முழுவதற்கும் பேச வேண்டியிருந்தது.

விழுப்புரத்தில் ஏன் கடினம்

மேலே சொன்ன குறைகள் எல்லாம் ஒரே நிலப்பரப்பில் வந்து கூடினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மாவட்டம் நல்ல எடுத்துக்காட்டு. இங்கே பெரிய தீ அரிது. சிறிய தீ எண்ணற்றவை. கரும்புச் சோகை, இயந்திரம் அறுத்துப்போட்ட வைக்கோல், சீமைக்கருவேலக் கரிமூட்டம், செங்கல் சூளை, ஊரோரக் குப்பை, போகியன்று பழைய பாயும் டயரும். (2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாகும் அளவுக்குப் புகை சூழ்ந்தது. அந்தப் புகையை மூட்டிய தீக்களில் எத்தனை, கோளின் கணக்கில் தீப்புள்ளியாக ஏறியிருக்கும்?)

வடகிழக்குப் பருவத்தில் மேகம் பார்வையை மறைக்கிறது. மார்கழி, தையில் பனிமூட்டம். ஈரத்தில் துகள் ஊதிப் பெருத்து, புகை கூடாமலே ஒளித்தடை கூடிவிடும். மைக்கி ஸ்மித்தின் காலத்து எரிமலையா ஈரமா என்ற சிக்கல் வேறு உருவில் இன்றும் தொடர்கிறது. கோடையில் வறண்ட ஏரிப்படுகையும் மரக்காணம் உப்பளங்களும் வெளுத்துப் பளிச்சிடும்போது, இருண்ட தரையை எதிர்பார்க்கும் கணக்குமுறைகள் தடுமாறுகின்றன. கடல் 30, 40 கிலோமீட்டரில் இருப்பதால் காலையில் மேல்காற்று கிழக்கே தள்ளிய புகையைப் பிற்பகலில் கடல்காற்று திருப்பிக் கொண்டுவரக்கூடும். நாளுக்கு ஓரிருமுறை எடுக்கும் படத்தில் இந்தப் போக்குவரவு பதியாது.

இதிலிருந்து கவனிக்கத்தக்க ஒரு சாய்வு தெரிகிறது. தொலைவில், பெரிதாக, உயரமாக எரிவதைக் கோள்கள் மிகத் தெளிவாகக் காண்கின்றன. அருகில், சிறிதாக, தாழ எரிவதைக் கோட்டைவிடுகின்றன. எனவே படங்களை மட்டும் வைத்துப் பேசினால், புகை வெளியூரிலிருந்து வந்தது என்ற முடிவுக்கே கை சாயும். உள்ளூருக்குள் பேசும்போது இதே சாய்வு வேறு விதமாக வேலை செய்கிறது. தீப்புள்ளிக்குச் சர்வே எண்ணோடு முகவரி கண்டுபிடித்துவிடலாம். நெடுஞ்சாலையில் நாள்முழுதும் ஓடும் லாரிகளுக்கு அப்படி ஒரு புள்ளி கிடையாது. உழவர் பழியேற்பது எளிதாகிவிடுகிறது. டெல்லிப் புகைக்குத் தாள் எரிப்பு எவ்வளவு காரணம் என்ற விவாதத்தில் இதைக் காணலாம்.

இன்னும் திறந்திருப்பவை

ஒவ்வொரு முறையையும் தனியே வைத்துப் பார்த்தால் போதாது என்பதில் இப்போது பெரிய கருத்துவேறுபாடு இல்லை. எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் வேறுபாடு. 2017இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி கோள் கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் சில கிலோமீட்டர் நுணுக்கத்தில் அளக்கிறது. இரண்டின் விகிதம் அனல்மின் நிலையத்தின் புகையையும் சோகைப் புகையையும் பிரித்தறிய உதவலாம். இரண்டும் கலந்து வரும் இடத்தில் எந்த அளவுக்கு உதவும் என்பது விவாதத்துக்குரியது. சென்டினல்-2 கோளின் 10 மீட்டர் படத்தில் ஒற்றை வயலின் புகையே தெரியும். ஆனால் அது ஐந்து நாளுக்கு ஒருமுறை, அதுவும் காலை நேரத்தில் கடக்கிறது. இன்சாட்-3டி வரிசைக் கோள்கள் அரைமணிக்கு ஒரு படம் தருகின்றன. தீயைக் காட்டும் அலைநீளத்தில் அவற்றின் படப்புள்ளி 4 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 4,000 ஏக்கர். நேரம் வேண்டுமானால் நுணுக்கம் போகிறது. நுணுக்கம் வேண்டுமானால் நேரம் போகிறது.

தரையில் துகள் அளக்கும் கருவிகள் சிற்றூர்களில் பெருகினால், வானத்துக் கணக்கைச் சரிபார்க்கவாவது முடியும். தீ வைத்த நாள், நேரம், பரப்பு ஆகியவற்றை ஊராட்சி அளவில் குறித்துவைத்தால், கோள் எத்தனையைத் தவறவிடுகிறது என்று இந்த மண்ணுக்கென ஓர் அளவு கிடைக்கும். அது கிடைக்கும்வரை திண்டிவனத்துப் புகையில் வெளியூர்ப் பங்கு இத்தனை விழுக்காடு என்று யாராவது முழு எண் சொன்னால், எந்தக் கருவி, எந்த நேரம், எந்த உயரம் என்று கேட்பது தவறாகாது.

2020 பிப்ரவரியில் தென்கொரியா ஏவிய ஜெம்ஸ், பகலில் மணிக்கொருமுறை ஆசியாவின் காற்றைப் பார்க்கும் முதல் புவிநிலைக் கருவி. அதன் பார்வை கிழக்குத் தீர்க்கரேகை 75 பாகையில் தொடங்கி 145 வரை செல்கிறது. விழுப்புரம் இருப்பது 79.5இல். பார்வைக்குள்தான் இருக்கிறது, ஆனால் கோணம் சாய்ந்து படப்புள்ளி நீண்டுவிடுகிற மேற்கு ஓரத்தில்.